இருபது இஞ்சு சக்கரத்தில் எருமைப்பால்

என் வாழ்க்கையில் நான் முழு மதிப்பெண் வாங்கிய கணக்கு ஒன்றே ஒன்றுதான். ஒரு சக்கரம் ஒரு படியில் முட்டி நிற்கிறது. அதை இழுத்து மேலே ஏற்ற எவ்வளவு விசை வேண்டும்? பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு. சக்கரம் பெரிதாக இருந்தால் படி அதற்கு ஒரு பொருட்டில்லை, சும்மா ஏறிவிடும். சக்கரம் சிறுக்கச் சிறுக்க, அதே படி அதற்குச் சுவராகிக்கொண்டே போகும். இதைப் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு விளக்கிப் பத்துக்குப் பத்து வாங்கினேன். திருத்தியவர் பக்கத்தில் ‘நன்று’ என்றுகூட எழுதியிருந்தார். மற்ற கணக்குகளின் பக்கத்தில் அவர் எழுதியிருந்ததை இங்கே சொல்ல வேண்டிய அவசியமில்லை.

அந்தக் கணக்குக்கும் என் தங்கையின் மினி சைக்கிளுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதற்கு நான்கு ஆண்டுகளும், ஓர் எருமையும், ஒரு திருட்டுப் பட்டமும் தேவைப்பட்டன.

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலை அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊர். வேலைவாய்ப்பு அட்டையைப் புதுப்பிக்க வேலூருக்குப் பஸ் ஏற வேண்டும். இப்போது கலெக்டர் ஆபீஸ் நிற்கிற வேங்கிக்கால் பக்கம் அன்றைக்கு வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நான் பட்டம் வாங்கி, அட்டையை ஒருமுறை புதுப்பித்து, வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரைஸ் மில்லில் வேலை பார்த்த அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார். “விஞ்ஞானி எழுந்தாரா? விஞ்ஞானி சாப்டாரா?” என்று அம்மாவிடம் விசாரிப்பார். ஒரு நாள் விசாரணை நின்று தீர்ப்பு வந்தது: அந்த மாதத்துக்குள் வேலை கிடைக்காவிட்டால், போளூரில் மாமாவின் உரக் கடையில் போய் யூரியா நிறுக்க வேண்டும். மாமாமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. யூரியாமேல்தான்.

அப்போதுதான் ஊரில் ஒரு பால் நிலையத்தில் ஆள் எடுத்தார்கள். அந்த நிலையம் இப்போது இல்லை. ஆகவே பெயர் எதற்கு? சுற்றுக் கிராமங்களில் காலையில் கறக்கிற பால் கேன்களில் வேன் ஏறி வந்துவிடும். ஆனால் யார் பாலில் எவ்வளவு கொழுப்பு என்று பார்க்கிற கருவி கிராமத்தில் கிடையாது. அதனால் ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் சின்ன பாட்டிலில் பிடித்து, ரப்பர் மூடி போட்டு, பெயர்ச் சீட்டு ஒட்டி, அறை அறையாகத் தடுத்த மரப்பெட்டியில் அடுக்கி, ஒருவன் சைக்கிளில் நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும். கொழுப்புக்குத் தக்க விலை. கொழுப்புக் குறைந்தால் தண்ணீர் ஊற்றிவிட்டாய் என்று பேச்சு. பாட்டில்களையும் வேனிலேயே அனுப்பினால் என்ன என்று கேட்காதீர்கள். அப்போது யாராவது கேட்டிருந்தால் அந்த வேலையே இருந்திருக்காது.

தகுதி: சைக்கிள் ஓட்டத் தெரிய வேண்டும், சொந்த சைக்கிள் இருக்க வேண்டும். பட்டதாரிகள் வரக்கூடாது என்று அவர்கள் போடவில்லை. அப்படி ஒருவன் வருவான் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

இரண்டு பேரை ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு ஒருவரை நிரந்தரமாக்குவதாக மேலாளர் சொன்னார். ஒருவன் நான். இன்னொருவன் என் நண்பன், தேரடித் தெருக்காரன். பள்ளியில் எனக்குப் பின்னால் உட்கார்ந்தவன், உயரம் அப்படி. தேர்த் திருவிழாவில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிற குடும்பம். தேருக்குப் பிரேக்கும் கிடையாது, திருப்புவதற்கு ஹேண்டில்பாரும் கிடையாது. ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுக்க, நாலு பேர் சக்கரத்தோடு சக்கரமாக ஓடி, அடியில் மரக்கட்டையைச் செருகித்தான் அதை நிறுத்துவதும் திருப்புவதும். கை ஒரு விநாடி பிந்தினால் அப்புறம் கை கிடையாது. அந்த வேலையை இவன் பதினெட்டு வயதிலிருந்து, பீடியைக் காதில் செருகிக்கொண்டு செய்துவந்தான்.

சைக்கிள் விஷயத்தில் எனக்கு ஒரு சிக்கல். என் உயரம் ஐந்தடி ஒன்றரை அங்குலம். வீட்டில் இருந்த இருபத்தெட்டு இஞ்சு சைக்கிளை அப்பா விடிந்ததும் மில்லுக்கு எடுத்துப் போய்விடுவார். எடுத்துப் போகாவிட்டாலும் எனக்குப் பயனில்லை. அதில் ஏற எனக்கு ஒரு கல் வேண்டும், இறங்க இன்னொரு கல் வேண்டும். மிச்சம் இருந்தது தங்கையின் மினி சைக்கிள். இருபது இஞ்சு சக்கரம், மயில்கழுத்து நிறம், முன்னால் கம்பிக் கூடை. அவளுக்கு மாலையில்தான் டைப்ரைட்டிங் வகுப்பு.

“டேய் அண்ணா, எடுத்துக்க. ஆனா வண்டியில பால் கவிச்சி அடிச்சிச்சுனா தொலைச்சிடுவேன்” என்றாள்.

முதல் நாள் நிலைய வாசலில் என் வாகனத்தைப் பார்த்த நண்பன் சிரிக்கவில்லை. சுற்றி வந்து பார்த்தான். முன் சக்கரத்தை விரல்களால் சாண் போட்டு அளந்தான். அதன் பிறகுதான் சிரித்தான்.

“இன்னாடா இது, பொம்பளப் புள்ள வண்டி?”

“சின்னச் சக்கரம்னா லேசு. மிதிச்ச உடனே கெளம்பும். சந்து பொந்துல சட்டுனு திரும்பும். உன் இருபத்தெட்டு இஞ்சு எருமை மாதிரி மூச்சு வாங்காது” என்றேன். இதில் பொய் எதுவுமில்லை. தார் ரோட்டில் முதல் நூறு அடியில் அவன் என்னைப் பிடிக்கவே முடியாது.

“கெளம்புறது இருக்கட்டும்டா. ரோட்டுல கல்லு வந்தா?”

“ஏறி இறங்கும்.”

“ஏறாது. பெரிய தேருக்கு நாங்க எம்மாம் பெரிய கட்டை போடறோம் தெரியுமில்ல? சின்னக் கட்டை போட்டா அது பாட்டுக்கு மேல ஏறி மெறிச்சிக்கினு போயிடும். அதே, கடைசியா வர்ற சின்னத் தேருக்கு விறகுக் கட்டை மாதிரி ஒண்ணு போதும், முட்டிக்கினு நின்னுடும். உன் வண்டிக்குக் கட்டையே வேணாம். புளியங்கொட்டை போதும்.”

பத்துக்குப் பத்து வாங்கிய கணக்கை, எஸ்.எஸ்.எல்.சி.யைத் தாண்டாத ஒருவன் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு அது உறைக்கவில்லை. அவனுக்குப் பொறாமை என்று நினைத்தேன்.

நண்பனுக்கு வேறோர் ஊர். எனக்குக் கொடுத்த ஊர் ஆதி அண்ணாமலை. மலைக்கு இந்தப் பக்கம் பெரிய கோயில் என்றால், நேர் எதிரில் பின்பக்கம் அந்த ஊர். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டிப் போய், வலது பக்கம் மலை சுற்றும் பாதையில் திரும்பினால் கொஞ்ச தூரம். போகிற வழி பெரும்பாலும் தார் ரோடு. போன வழியே திரும்பியிருந்தால் நான் இன்றைக்கு ஓய்வுபெற்ற பால் ஊழியனாக இருந்திருப்பேன்.

ஆனால் அம்மா சொல்லியிருந்தாள்: “மலைய பாதி சுத்திட்டுத் திரும்பக் கூடாதுடா. போனதும் போன, முழுசா சுத்திட்டு வந்துடு. தினமும் ஒரு கிரிவலம். யாருக்குக் கெடைக்கும்?”

அந்த நாட்களில் நான் நாத்திகன். அம்மா பக்கத்தில் இல்லாத நேரங்களில், தீவிர நாத்திகன். இருந்தாலும் மலையை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு சைக்கிள் மிதிப்பது என்பது என் பகுத்தறிவுக்கே எட்டாத காரியமாக இருந்தது. பஸ்ஸில் எந்தப் பக்கமாகவும் போகலாம். அது டிரைவரின் பாவம். சைக்கிளை நாமே மிதிக்கிறோம். ஆகவே தினமும் பாட்டில் பெட்டியைக் கேரியரில் கட்டி, ஆதி அண்ணாமலையிலிருந்து மேலே வடக்குப் பக்கமாக மலையை முழுதும் சுற்றிக்கொண்டு ஊர் சேர்ந்தேன்.

இன்றைக்கு அங்கே நடைபாதை, விளக்கு, பத்தடிக்கு ஒரு டீக்கடை. அன்றைக்கு அந்த வடக்குப் பாதை மண்ணும் கல்லும். ஓரத்து மரங்களின் வேர்கள் பாதையைக் குறுக்கே தாண்டிப் போய் எதிர்ப்பக்கத்து மரங்களோடு பேசிக்கொண்டிருந்தன. மலையிலிருந்து இறங்கின மழைத் தண்ணீர் முழங்கை அகலத்துக்கு வாய்க்கால் வாய்க்காலாக வெட்டிவிட்டிருந்தது. பெரிய சக்கரம் அந்த வாய்க்காலின் இரண்டு கரைகளையும் தொட்டுக்கொண்டு கடந்துவிடும். என் சக்கரம் உள்ளே இறங்கி, அங்கே நிலவரம் எப்படி என்று பார்த்துவிட்டு, எதிர்க்கரையில் போய் முட்டும். நான் எழுந்து நின்று ஒரு மிதி மிதிப்பேன். வண்டி மேலே வரும். பின்னாலேயே பெட்டி ‘தடக்’ என்று குதிக்கும். இருபது பாட்டிலும் ஒரு குரலில் கிணுகிணுக்கும். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துக்கூட இருந்தது.

ஒரு வாரம் போனது. ஒரு நாள் ஒரு மூடி லேசாகக் கழன்றிருந்ததால் டீக்கடையில் நிறுத்தி எடுத்துப் பார்த்தேன். மூடியின் அடியில் மஞ்சளாக, கடுகு கடுகாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன். வெண்ணெய். நல்ல எருமை, நல்ல பால், வெண்ணெய் இருக்கத்தானே செய்யும் என்று பட்டதாரி மூளை முடிவு செய்தது. கையில் ஒரு பன் இருந்தது. அதற்குமேல் விவரிக்க வேண்டாம். எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்த நண்பன், “நல்லா இருக்குதாடா?” என்று மட்டும் கேட்டான்.

மறுவாரம் திங்கட்கிழமை காலை, ஆதி அண்ணாமலையிலிருந்து ஓர் அம்மாள் நடந்தே நிலையத்துக்கு வந்துவிட்டார். ஒரே ஓர் எருமை வைத்திருந்தவர். தலையில் சும்மாடு, அதன்மேல் மூடிய பால் செம்பு. நேராக மேலாளர் மேசை முன்னால் வந்து செம்பை இறக்கினார்.

“சார், என் பால்ல பத்து நாளா கொழுப்பு கம்மி கம்மினு எழுதி அனுப்புறீங்க. தண்ணி ஊத்துறேன்னு ஊரே பேசுது. எங்க ஊட்டுல கெணறே கெடையாது சார். பால்ல தண்ணி ஊத்தணும்னா நான் மொதல்ல ஒரு பர்லாங் போயி தண்ணி கொண்டாரணும். இந்தாங்க, இப்ப கறந்தது. உங்க கையால பாருங்க.”

மேலாளர் தன் கையாலேயே பார்த்தார். கொழுப்பு ஏழு சதவீதத்துக்கு மேல் வந்தது. நான் கொண்டுவந்த பாட்டிலில் அதே எருமை முந்தின நாள் ஐந்தைத் தொடவில்லை. ஆதி அண்ணாமலையின் மற்றப் பாட்டில்களையும் பதிவேட்டில் தேடிப் பார்த்தார். நான் வந்த நாளிலிருந்து அந்த ஊர் மொத்தமும் இளைத்திருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மரியாதையான மனிதர், திட்டும்போதும் ‘ங்க’ போடுவார்.

“பால் அங்க சரியா இருக்குது. இங்க வந்தா சரியா இல்ல. நடுவுல இருக்கிறது நீங்க ஒருத்தர்தாங்க. என்ன பண்றீங்க? மேலாப்புல இருக்கிற பாலேட்டை எடுக்கிறீங்களா?”

நண்பன் உதவிக்கு வந்தான்.

“சே, அப்படியெல்லாம் செய்ற ஆள் இல்ல சார் இவன். ஒரே ஒரு நாள்தான் பன்னுல தடவித் தின்னான். அதுவும் ஒரே ஒரு மூடிதான் சார்.”

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “என் மூடியா தம்பி?”

அன்றைக்கு மாலைக்குள் ஊரில் பால் திருடன் என்று பெயர் வரும். அப்பா காதுக்குப் போகும். திருட்டுப் பட்டத்தோடு போனால் உரக் கடையில்கூட மாமா என்னைத் தராசுப் பக்கம் விடமாட்டார். அந்த நெருக்கடியில்தான், நான்கு ஆண்டு தாமதமாக, என் மண்டைக்குள் அந்தக் கணக்கு எழுந்து நின்றது. சுவரில் இருந்த கரும்பலகைக்குப் போய், சாக்பீஸை எடுத்து, ஒரு பெரிய வட்டம், ஒரு சின்ன வட்டம், இரண்டுக்கும் முன்னால் ஒரே அளவில் ஒரு படி வரைந்தேன். அம்புக்குறிகள் போட்டேன்.

“சார், இது சக்கரத்தோட தப்பு. பெரிய சக்கரம் கல்லு மேல உருண்டு ஏறிடும். சின்னது போயி இடிச்சிக்கும். ஒவ்வொரு இடியும் பெட்டிக்குப் போகுது. பாட்டில் முக்கால்தான் நிறைஞ்சிருக்கு, உள்ள பால் குலுங்குது. குலுங்கக் குலுங்க வெண்ணெய் திரண்டு மேல வந்து மூடியில ஒட்டிக்குது. நீங்க நடுவுலயிருந்து உறிஞ்சி எடுக்கிறீங்க. அங்க கொழுப்பு எப்படி சார் இருக்கும்?”

என் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக நான் எதையும் விளக்கியதில்லை. மேலாளர் பலகையை வெகுநேரம் பார்த்தார்.

“இங்க காலையில எழுதின கணக்கு இருந்துதே. அதை அழிச்சிட்டீங்களா?”

ஆனால் அந்த அம்மாளுக்கு வட்டமும் அம்பும் தேவைப்படவில்லை. “அதாவது சார், இந்தத் தம்பி என் பாலை ரோட்டுலயே கடைஞ்சிக்கினு வருது. அதானே?” என்றார். “அப்ப வெண்ணெ எனக்கு வரணும்.”

மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை. நிரூபியுங்கள் என்றார். அதற்கும் நண்பன்தான் முன்வந்தான். அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போய், சின்னத் தேருக்குப் போடுகிற முட்டுக்கட்டைகளில் மெல்லியதாக ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். திருநீற்றுப் பட்டை காயாமல் இருந்த கட்டை. அதைப் பார்த்ததும் மேலாளர் செருப்பைக் கழற்றினார். அவர் கழற்றியதால் எல்லோரும் கழற்றினோம். உலகத்தில் எந்த இயற்பியல் பரிசோதனையும் அவ்வளவு பயபக்தியோடு நடந்திருக்காது.

கட்டையை முற்றத்தின் நடுவில் வைத்தான். “நீ மொதல்ல வாடா” என்றான். நான் வந்தேன். சக்கரம் கட்டையில் முட்டி அங்கேயே நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. கூடையைத் தாண்டி ஹேண்டில்பாரில் வயிறு படக் கவிழ்ந்து, மேலாளரின் வெறுங்காலுக்கு இரண்டடி தள்ளிக் கை ஊன்றினேன். பிறகு அவன் தன் இருபத்தெட்டு இஞ்சு வண்டியில் அதே வேகத்தில் வந்தான். ‘தொம்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கட்டையைத் தாண்டிப் போய் மணி அடித்துக்கொண்டு திரும்பினான். காதில் பீடி நகரவில்லை.

என்னைக் குற்றமற்றவன் என்று நிரூபிக்க அவன் காட்டிய அந்த ஆர்வத்தை நான் அன்றைக்கு நட்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

“இவர் விழுவாருங்கிறது தெரியுது. வெண்ணெய் எங்கங்க?” என்றார் மேலாளர். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். மறுநாள் காலை அந்த அம்மாளின் எருமைப் பாலை ஆளுக்கு ஆறு பாட்டில், மூடியின்மேல் அரக்கு வைத்து முத்திரை போட்டு, இருவரும் எடுத்து வர வேண்டும். ஒரே பாதை, பக்கத்தில் பக்கத்தில். அரக்கு உடையாமல் வர வேண்டும். அம்மாள் வேனில் முன்னால் வந்து நிலையத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

அந்தச் சவாரியை நான் மறக்கவில்லை. வெண்ணெய் திரளாமல் கொண்டுபோய்ச் சேர்த்தால் நான் திருடன். திரண்டு போய்ச் சேர்ந்தால் வேலைக்கு லாயக்கில்லாதவன். எனக்குக் கிடைத்த இரண்டில் இரண்டாவதற்காகவே நான் வேண்டிக்கொண்டு மிதித்தேன். நாத்திகன் வேண்டுவது கஷ்டம். அதிலும் வலது பக்கம் மலை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது.

முதல் வாய்க்கால் வந்தது. அவன் தாண்டிப் போய்விட்டான். நான் இறங்கி ஏறினேன்.

“டேய், மெதுவா ஓட்டாதடா. தினம் ஓட்டுற மாதிரி ஓட்டு. அப்பத்தான் நாயம்.”

“தினம் இப்படித்தான்டா ஓட்டுறேன்.”

“தினம் இவ்ளோ மெதுவாவா? அப்ப வெண்ணெ இல்லடா, தயிரே ஆயிருக்கும்.”

ஓர் ஆலமர வேரில் ஏறும்போது என் முன்சக்கரம் ஒரு பக்கமாகத் துள்ளியது. விழாமல் காலை ஊன்றினேன். அவன் வண்டியை நிறுத்திக் காத்திருந்தான். பெடலில் ஒரு கால், தரையில் ஒரு கால். என்னால் அந்த வண்டியில் கனவிலும் முடியாத நிலை.

“வேல உனக்குத்தான் கெடைக்கும்டா” என்றேன்.

“தெரியும்” என்றான். “பின்ன இன்னாடா பண்றது? நீ திருடன்னு ஆயி எனக்கு வேல கெடைச்சா நல்லாவா இருக்கும்? இப்படிக் கெடைச்சா ரெண்டு பேருக்கும் மருவாதி. சரி, அந்தக் கல்லு மேல வுடு. ஒதுங்காத.”

ஒதுங்காமல் விட்டேன். பற்கள் மோதின. அதற்கப்புறம் கிடைத்த கல் ஒன்றையும் நான் விடவில்லை.

நிலையத்தில் அம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மேலாளர் அரக்கைத் தன் கையால் உடைத்தார். நண்பனின் ஆறு மூடிகளும் சுத்தம். ஒன்றில் மட்டும் லேசாக ஒரு படலம். என்னுடைய ஆறிலும் மஞ்சள் மஞ்சளாகக் கடுகு. நடுப்பாலை உறிஞ்சிப் பார்த்தார்கள். அவனுடையது ஏழுக்குப் பக்கத்தில். என்னுடையது நாலரை.

அம்மாள் எழுந்து என் பக்கம் வந்தார். “தம்பி திருடல சார். பாவம், வண்டிதான் சரியில்ல” என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு ஆறு மூடிகளையும் ஒவ்வொன்றாக வழித்து, ஒரு வெற்றிலையில் சேர்த்து மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார். பத்து நாளுக்கும் அவர் பாலுக்கு ஏழு என்றே திருத்தி எழுதும்படி மேலாளர் சொன்னார்.

என் பக்கம் திரும்பினார். “நீங்க எடுக்கலைங்க. நான் தப்பா நெனச்சிட்டேன். ஆனா இந்த வண்டியில இந்த வேலை ஆகாதுங்க. பெரிய வண்டி ஓட்டுவீங்களா?”

ஓட்டுவேன் என்றேன். யூரியா மணம் மூக்கில் அடித்துக்கொண்டிருந்தது. பால் கேன் இறக்குகிற மேடையிலிருந்து நண்பனின் வண்டியில் ஏறினேன். முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன், மோசமில்லை. இரண்டாவது சுற்றும் சுற்றினேன். மூன்றாவது சுற்றில், நான் ஏன் நிறுத்தவில்லை என்று மேலாளர் பக்கத்தில் இருந்தவரிடம் விசாரிப்பது காதில் விழுந்தது. மேடைப் பக்கத்தில் அதற்குள் கேன்களை அடுக்கிவிட்டார்கள். இறங்க எனக்கு வேறு இடமில்லை. ஐந்தாவது சுற்றில் நண்பன் கூடவே ஓடி வந்து, தேரைப் பிடிக்கிற அனுபவத்தில், கேரியரைப் பிடித்து நிறுத்தினான்.

இரண்டு ஊரும் அவனுக்கே போயின.

மூன்று நாள் வீட்டில் படுத்துக் கிடந்தேன். நான்காவது நாள் காலை, சோற்றில் கை வைத்தபோது, திடீரென்று உறைத்தது. வடக்குப் பாதையில்தானே கல்? ஆதி அண்ணாமலையிலிருந்து வந்த வழியே செங்கம் ரோட்டுக்குத் திரும்பினால் பெரும்பாலும் தார். தாரில் என் சக்கரம் குலுங்காது. இவ்வளவு விசாரணையில், மேலாளரோ, நண்பனோ, அந்த அம்மாளோ, படம் வரைந்து விளக்கிய நானோ, ஒருவர்கூட அந்த எளிய வழியைச் சொல்லவில்லை. அப்படி ஒரு திசை இருப்பதே எங்கள் எவருக்கும் நினைவில்லை. கை கழுவிவிட்டு ஓடினேன்.

மேலாளர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க சொல்றது சரிங்க. குலுங்காது. தூரமும் கம்மி.” மேசைமேல் விரலால் தாளம் போட்டார். “ஆனா யார் எந்த வழியில வரணும்னு நான் உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போடணும். ‘மலையை இடமாகச் சுற்றி வரவும்’னு எழுதணும். கீழ என் கையெழுத்து இருக்கும். யோசிச்சுப் பாருங்க.”

யோசித்துப் பார்த்தேன். நானே அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். அவரிடம் அதைச் சொல்லவும் சொன்னேன்.

அவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. நிலையத்தின் தாள் ஒன்றை எடுத்து, நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி ஒன்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். அதில் இரண்டே வரிகள்: ‘இவர் எங்களிடம் பதினைந்து நாட்கள் பணிபுரிந்தார். நேர்மையானவர், சக்கரம் மட்டும் சிறியது.’

வெளியே நண்பன் பெட்டியைக் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தான்.

“உண்மைதானேடா” என்றான். “போளூருக்கு எப்ப போற?”

“நாளைக்கு.”

“உங்க மாமா கடையில சைக்கிள் ஓட்டற வேலை இல்லையே?”

“இல்ல. நின்ன இடத்துலயே நிறுக்கணும்.”

“அப்ப சரி” என்று சொல்லி, கயிற்றின் இன்னொரு முனையை என் கையில் கொடுத்தான். “இழுத்துப் புடி. ஆடக் கூடாது.”

இழுத்துப் பிடித்தேன். அவன் முடிச்சுப் போட்டான்.